ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடம் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவர். மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைவார். அளந்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். கல்யாணத்துக்குச் செய்த கட்டில் சொன்ன நீளத்துக்கு அரை இஞ்ச் குறைவென்று மூன்று நாள் தரையில் படுத்த மனிதர்.

போன வருடம் கழுத்தெலும்பு நரம்பை அழுத்தி, வலது கை விரல்கள் மரத்துப்போயின. அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர், விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். உணர்வு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். ஃபோர்மேன் ஆறு மாதம் பொறுத்தார். திங்கட்கிழமை வந்து மிஷினில் வேலை செய்து கையைக் காட்டச் சொல்லியிருந்தார். தேறவில்லையென்றால் வாசல் காவல்தான்.

நான் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம் போனபோது மாமா உற்சாகமாக இருந்தார்.

"வாய்யா இன்ஜினியரு. இங்க வந்து பாரு."

மாதக் காலண்டர் முழுக்க இடது கையால் எழுதிய கோணல் எண்கள். வாலிபத்தில் அவரிடம் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. அதில் ஒரு கார் பந்தயம். ஒரு சுற்றை ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியில் முடிப்பார். பெட்டி செத்து வருடங்களாகிவிட்டன. லேப்டாப்பை அந்தப் பெட்டி போலவே நடந்துகொள்ள வைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை ஒரு கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்தார். விரலுக்குப் பயிற்சி என்று தினமும் அதில் கார் ஓட்டினார்.

"மொத வாரம் ரெண்டு நிமிஷத்துக்கு மேல. நேத்து பாரு. ஒண்ணு பன்னெண்டு! கை வந்துருச்சு மச்சான்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "காரு நத்த மாதிரி ஊருது. பாத்தா எனக்கே தூக்கம் வருது. இவ்ளோ படிச்சிருக்கியே, அதக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்டா."

"லேப்டாப்பும் என்ன மாதிரி பழைய கட்டை. படம் இழுக்கும், ஆனா அதுல ஓடுற டைமு கரெக்டு" என்றார் மாமா.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். படித்ததும் கம்ப்யூட்டர். பட்டம் வாங்கிய படம் அக்கா வீட்டு டிவிக்கு மேல் மாட்டியிருக்கிறது. அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து ஒரு வேலையைச் சரிசெய்யச் சொன்னால் நான் யோசிப்பேனா?

திரையின் மூலையில் வேகம் அறுபது சதவீதம் என்றிருந்தது. செட்டிங்ஸைத் திறந்தேன்.

"மாமா, பிராசஸருக்குள்ள நாலு கோர் இருக்கு. நாலு ஆளுன்னு வெச்சுக்கங்க. ஒருத்தர் மட்டும்தான் வேல பாக்குறாரு, மூணு பேரு டீ குடிக்கிறாங்க."

"அட, அப்படியே எங்க பட்டறைதான்!"

மல்டித்ரெட்டிங்கை இயக்கினேன். படம் வரைய ஓர் ஆள், ஒலிக்கு ஓர் ஆள் என்று வேலை பிரிந்தது. ஆள் எண்ணிக்கையை நான்கு என்று வைத்ததும் திரையில் காட்சி கோடுகோடாகக் கிழிந்தது. மூன்றாக்கி மறுபடி திறந்தேன். நூறு சதவீதம். நானே கை தட்டிக்கொண்டேன்.

மாமா ஓட்டினார். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. அடுத்த வளைவிலும். விரல் பொத்தானை அழுத்துவதற்குள் வளைவு கடந்து போயிற்று. ஒன்று ஐம்பத்தொன்று.

"இரு, கை சூடேறட்டும்."

ஐந்து முறை ஓட்டினார். ஒருமுறைகூட ஒன்று ஐம்பதுக்குக் கீழே வரவில்லை. விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"முன்னாடி அறுபதுன்னு காட்டுச்சே, எது அறுபது?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். படிப்பு முந்திக்கொண்டது. "கேம் மொத்தமும் மாமா. அதோட கடிகாரமும் சேந்துதான். நமக்கு ஒரு நிமிஷம்னா அதுக்கு முப்பத்தாறு செகண்டு."

மனக்கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

"அப்ப என் ஒண்ணு பன்னெண்டு… ரெண்டு நிமிஷமா?"

அக்கா கரண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

"ஏன்டா, இத நாளைக்கப்புறம் பண்ணியிருக்கக் கூடாதா?"

'நீதானேக்கா சொன்ன' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவன ஏன் திட்டுற?" என்றார் மாமா. "லேத்து எனக்காக மெதுவா சுத்துமா? கையக் குடுத்துட்டு வந்திருப்பேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "பழையபடி ஆக்கு."

ஆக்கினேன். கார் மறுபடி ஊர்ந்தது. ஒரு வளைவிலும் மோதவில்லை. கோட்டைத் தாண்டியபோது திரையில் ஒன்று பன்னிரண்டு. அவர் திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரண்டு சுற்று முடித்திருந்தது.

லேப்டாப்பை மூடினார். இடது கையால் போனை எடுத்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கி கை காட்ட வேணாம்ணே. மிஷினுக்கு வேற ஆளப் போட்டுக்கங்க." ஃபோர்மேன் ஏதோ கேட்டார். "இல்லல்ல, நானே அளந்து பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில்,

"வாசல்ல ஒக்கார நாற்காலி இருக்கா, ஸ்டூலா?" என்றார்.