பிஸ்மில்லா சொல்லி எடுத்த செம்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், பாம்பன் தீவில் அக்காள்மடத்தில் எனக்குத் தலைப்பிரசவம். பிள்ளை அழவே இல்லை. மூச்சு வருவதும் நிற்பதுமாக, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க விடமாட்டார்கள், வேலிக்கு வெளியேதான். பங்குச் சாமியாரோ ராமநாதபுரம் போயிருந்தார். காற்று பலமென்று பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். சாமியார் இல்லாதபோது ஜெபம் நடத்தும் கோயில் உபதேசியாரைக் கூட்டிவர மாமியார் ஓடினார். வீட்டில் நானும், பிரசவம் பார்த்த முஸ்லிம் மருத்துவச்சியும்தான். எனக்குக் கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

ஆபத்து வேளையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சின்ன வயதில் படித்தது நினைவுக்கு வந்தது. “லாத்தா, நான் சொல்றதச் சொல்லிக்கிட்டே தலையில தண்ணி ஊத்துங்க” என்றேன்.

“நான் ஊத்துனாச் செல்லுமா புள்ள?” என்று தயங்கியவர், பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும், எதையும் தொடங்குமுன் அல்லாவின் பெயரைச் சொல்லும் பழக்க தோஷத்தில் “பிஸ்மில்லா” என்று செம்பை எடுத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. ஆனாலும் நான் சொல்லச் சொல்ல, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று ஒன்று விடாமல் சொல்லி ஊற்றினார். செம்பைக் கீழே வைத்த கையோடு பிள்ளையின் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டது.

திரும்பி வந்த மாமியார் பேரன் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டதைவிட, “நம்ம வேதத்துல இல்லாதவுக ஊத்துனது எப்படிச் செல்லும்?” என்று குமைந்ததுதான் அதிகம். நான் பிஸ்மில்லாவைப் பற்றி மூச்சு விடவில்லை. செல்லாத ஒன்றைச் செய்யவைத்துப் பாவம் தேடிக்கொண்டேனோ என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

காற்று அடங்கிச் சாமியார் வந்தார். மருத்துவச்சியைக் கூப்பிட்டு விசாரித்தார். அந்த மகராசி எதையும் மறைக்கவில்லை. “பிஸ்மில்லா சொல்லித்தான் சாமி செம்ப எடுத்தேன். அப்புறம் இந்தப் புள்ள சொன்னத அப்படியே சொன்னேன். உங்க கோயில்ல செய்யிறதத்தான் செய்யணும்னு நெனச்சேன்.”

சாமியார் சிரித்துவிட்டார். “கோயில் செய்யிறதச் செய்யணும்னு நெனச்சு, தண்ணியும் வார்த்தையும் சரியா இருந்தாப் போதும். ஞானஸ்நானம் ஆயிருச்சு. மறுபடி ஊத்தக் கூடாது.”

மாமியார் விடவில்லை. “அப்பக் குருன்னு நீங்க எதுக்கு சாமி?”

“குரு ஒருத்தர்தாம்மா, இயேசு. நாங்க அவருக்குக் கையக் கொடுக்கிறவங்க. அன்னைக்கு என் கை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. அவரு இந்தம்மா கைய வாங்கிக்கிட்டாரு.”

அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பிள்ளை பிழைத்தபோது அழாத நான் அன்றைக்கு விம்மி விம்மி அழுதேன்.

இன்றைக்கும் பூசையில் சாமியார் கையை உயர்த்தும்போது, ஈரச் செம்பைப் பிடித்திருந்த அந்தக் கையும் என் கண்ணுக்குத் தெரிகிறது. குருத்துவம் என்றால் என்னவென்று எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.