வரிசையின் கடைசிக் குரல்

இன்று மாலை ஒத்திகையில் மாணவி கமலத்தின் குரல் சுருதியை விட்டு மேலே ஏறியதும் எனக்கு இடித்த பச்சரிசி மாவு மணத்தது. அது என் அத்தையின் குரலேதான்!

கல்லூரியில் சேர்ந்திசை நடத்தும் வேலைக்கு வந்தபின் எனக்கு இது முதல் ஆண்டுவிழா. "அந்தப் பெண்ணைப் பாட்டிலிருந்து நிறுத்திவிடுங்கள்" என்றார் ஒத்திகை பார்க்க வந்த முதல்வர். நானும் தலையாட்டப் போனேன்.

என் சிறுவயதில் நெய்யாற்றின்கரை வீட்டில் ஔவையார் நோன்புக்குப் பெண்கள் கூடிப் பாடியபடி மாவிடிப்பார்கள். கணவனை இழந்த அத்தை மட்டும் அடுக்களை வாசலில் ஒதுங்கியிருந்து பாடுவாள். அவள் குரல் தனியே எங்கோ போகும்.

"கொஞ்சம் வாயெ மூடு மக்கா, உலக்கை வழி தெரியாம நிக்குது" என்பாள் பெரியம்மை. எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒருநாள் மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை; அத்தையைப் பார்த்துச் சொன்னாள்: "மைனி, அங்க இருந்தா எங்க சத்தம் எப்பிடிக் கேக்கும்? இஞ்ச வந்து எனக்க பக்கத்துல இரிங்க."

"நோன்பு மாவாக்கும்!" என்று பெரியம்மை பதறினாள்.

"இருக்கட்டும்."

அத்தை தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் உரசியதும் குரலைத் தாழ்த்திக் காதுகொடுத்தாள். இரண்டாம் அடியில் அவள் குரல் எது என்றே தெரியவில்லை.

கமலமும் வரிசையின் கடைசியில்தான் நிற்கிறாள். அவள் சாதி தெரிந்து மற்றப் பெண்கள் ஒரு முழம் தள்ளி நிற்கிறார்கள். நானோ இத்தனை நாளும் அவள் தொண்டையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

நாளை அவளை நடுவில் நிறுத்தப் போகிறேன். யாராவது விலகினால் அந்த இடத்தில் நானே நின்றுகொள்வேன். அங்கிருந்தும் கையசைத்துப் பாட்டை நடத்தலாம்.