உப்பளத்து டிராக்டரும் ஒரு மஞ்சள் மீட்டரும்

என் கடையில் இருக்கும் கருவிகளிலேயே பழையது, கரன்டு அளக்கும் ஒரு மஞ்சள் மல்டிமீட்டர். திருகும் குமிழைச் சுற்றியிருந்த எழுத்துகள் அழிந்துவிட்டன. கறுப்பு வயரில் இரண்டு இடங்களில் டேப் சுற்றியிருக்கிறது. தூத்துக்குடியில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் என்னிடம் இதைவிட நல்ல மீட்டர்கள் மூன்று இருக்கின்றன. ஆனாலும் கை முதலில் இதைத்தான் எடுக்கிறது. முன்பு நான் ஃபிட்டராக இருந்த உப்பளத்தின் சூப்ரவைசர் இதைத் தோலுறை போட்டு இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிவார். அந்த மனிதருக்கு இதில் தெரிந்தது ஒரே ஒரு வேலை. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் ஊசிகளை வைத்து, வரும் எண்ணை உரக்க வாசிப்பார். அதற்கு மேல் அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டால் முறைப்பார்.

அவர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எந்தப் பேச்சும் "கல்ஃப்ல இப்படிக் கிடையாது" என்றுதான் தொடங்கும். பாத்திகளில் வெயில் பட்டு எதிரொளிக்கும் வெள்ளைக்கு எங்கள் எல்லாருக்கும் கண் கூசும். அவருக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி இருந்தது. அது நியாயம்தான். இருட்டு ஷெட்டுக்குள் வந்தும் அதைக் கழற்றாமல், ஸ்பேனர் எது ஸ்குரூடிரைவர் எது என்று தடவிக்கொண்டிருப்பார் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. முதலாளி எப்போதாவது வந்தால் மீட்டரை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்வது மாதிரி. முதலாளியும் அதைப் பார்த்து மயங்கினார். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

அளத்தில் ஒரு மினி டிராக்டர் இருந்தது. பாத்தியில் வாரிய உப்பை, குவித்து வைக்கும் அம்பாரத்துக்கு டிரெய்லரில் இழுத்துக்கொண்டு வரும். பதினைந்து வருடத்து வண்டி. உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று உப்பளத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மழை மாதங்களில், உப்பு எடுக்காத நாட்களில், மோட்டாரிலிருந்து கேட் கொண்டி வரை எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்பது எங்கள் வழக்கம். "ஒரு நூல் அளவு இரும்பு வெளிய தெரியக் கூடாதுலே" என்பார் சூப்ரவைசர். டிராக்டருக்கு அந்த வருடம் நான்தான் அடித்தேன். வேறு யாராவது அடித்திருந்தால் மேலோடு பூசிவிட்டுப் போயிருப்பான். நான் கெட்டிக்காரன் அல்லவா? நட்டுகளைக் கழற்றி, பட்டைகளைத் தூக்கி, அடியிலும் இரண்டு கோட்டு நீல பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு திரும்ப முடுக்கினேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உப்பு வார ஆரம்பித்த இரண்டாவது வாரம் வண்டி படுத்துக்கொண்டது. ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சூப்ரவைசர் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டரை வோல்ட் என்று வாசித்தார். பன்னிரண்டரை காட்டினால் பேட்டரியில் குறையில்லை என்றுதானே அர்த்தம்? அவரோ, "மேலுக்குத்தான் காட்டுது, உள்ள செத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். புது பேட்டரி வந்தது. பத்து நாள் ஓடியது. மறுபடியும் 'டக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றினார். பிறகு இன்னொரு பேட்டரி. வண்டி நின்ற நாட்களில் உப்பு முழுவதும் பெண்களின் தலைச்சுமையாக அம்பாரத்துக்குப் போனது.

அந்தப் பெண்களில் ஒருத்தி டிராக்டர் டிரைவரின் மனைவி. டிரைவர் அண்ணன் உடன்குடிப் பக்கத்துக்காரர். அவரும் முதலில் சுமைக்காரராக வந்து, அப்புறம் லைசென்ஸ் எடுத்து, அந்த சீட்டில் ஏறியவர். அவர் ஓட்டும்வரை தன் மனைவியின் தலையில் பாரம் குறைவு என்பது அவருக்குப் பெரிய விஷயம். வண்டி நின்றுவிட்டால் மனைவி சுமந்து போகும் வரப்புப் பக்கம் திரும்பமாட்டார்.

அவர்தான் ஒருநாள் சொன்னார்: "சார், செல்ஃப் அடிக்கையில ஆக்சிலேட்டர் கம்பி சுடுது. கை வச்சுப் பாருங்க."

சூப்ரவைசர் கை வைக்கவில்லை. "ஆக்சிலேட்டர் கம்பியில கரன்டு ஓடுதாக்கும். ஏலே, கேட்டியா? நாளைக்கு சீட்டுல ஓடுதும்பான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். சுமை தூக்கி வந்த டிரைவருக்குக் கரன்டைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்கும் நினைப்பு. அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது பேட்டரியும் போனபோது, யாராவது ஒருவர் மேல் பழி விழ வேண்டியிருந்தது. அண்ணன் செல்போன் சார்ஜ் போட டேஷ்போர்டில் ஒரு சின்ன சாக்கெட் மாட்டியிருந்தார். சூப்ரவைசர் அதைப் பிடுங்கி முதலாளி முன் நீட்டினார். "பேட்டரியைக் குடிச்சது இதுதான். பாட்டுக் கேட்டு, லைட்டைப் போட்டு விட்டுட்டுப் போறான். வண்டியில கோளாறு இல்ல, இவன் கையிலதான் கோளாறு." அன்றைக்கே அண்ணனை டிரைவர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர், "கம்பி சுடுது சார்" என்று மட்டும் மறுபடி சொன்னார்.

அது என் காதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, சூப்ரவைசர் பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்த மேசையிலிருந்து இந்த மீட்டரை எடுத்தேன். கறுப்பு ஊசி பேட்டரியின் மைனஸில், சிவப்பு ஊசி இன்ஜின் உடம்பில். செல்ஃபை அழுத்தினேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எட்டு வோல்ட்டைத் தாண்டியது. கரன்டு இன்ஜினிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வழியில்லாமல், கிடைத்த ஆக்சிலேட்டர் கம்பி வழியாக முண்டிக்கொண்டு போயிருக்கிறது. அதுதான் சூடு. வண்டிச் சட்டத்தையும் இன்ஜினையும் இணைக்கும் செம்பு எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினேன். அடியில் நீல பெயின்ட் பளபளவென்று இருந்தது. இரண்டு கோட்டு. என் கை வேலை. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்ச நாள் திரும்பிய கரன்டை, உப்பும் துருவும் ஏற ஏற அதுவும் அடைத்திருக்கிறது; புது பேட்டரியின் வேகம் ஒவ்வொரு முறையும் சில நாள்தான் தாங்கியிருக்கிறது. உப்புத்தாளால் பத்து நிமிடம் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் முடுக்கினேன். ஒரே அடியில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

சத்தம் கேட்டு சூப்ரவைசர் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். முதலாளிக்கு உடனே போன் போட்டார். "பாத்தீங்களா? அவன் நேத்து இறங்கினான், வண்டி இன்னைக்கு ஓடுது. நான் சொன்னேன்லா?" அங்கே நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். அண்ணனின் மனைவி அவர்களுக்கு நடுவில், சும்மாட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். நான் உப்புத்தாளைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வாயைத் திறந்திருந்தால் பெயின்ட் அடித்தது யார் என்ற கேள்வி வந்திருக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். புது டிரைவர் வந்தான். அதற்குப் பிறகு சொல்லி என்ன பயன் என்று இருந்தேன். அடுத்த வருடம் சூப்ரவைசர் மறுபடி கல்ஃபுக்குக் கிளம்பியபோது, இந்த மீட்டரை உறையோடு என் கையில் வைத்தார். "நீதாம்லே வேலை தெரிஞ்சவன். வச்சுக்கோ" என்றார். வாங்கிக்கொண்டேன். அவரை அற்பன் என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கினேன்.

போன மாதம் ஒரு லோடு ஆட்டோ கடைக்கு வந்தது. பக்கத்து சீட்டிலிருந்து டிரைவர் அண்ணன் இறங்கினார். இப்போது ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறாராம். மனைவிக்குக் கழுத்தெலும்பு தேய்ந்து, தலையைத் திருப்ப முடியவில்லையாம். "நீங்க வண்டி ஓட்டலையா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி. நான் இறங்கின மறுநாளே அந்த வண்டி ஓடிச்சுல்லா? அதுக்குப் பெறவு ஸ்டியரிங்கத் தொட மனசு வரல. நம்ம கையிலதான் என்னமோ இருக்கு."

அவர் பார்வை மேசைக்குப் போனது. "இது சூப்ரவைசர் மீட்டர்லா?"

"ஆமா."

"நல்ல மனுசன். வேலை தெரிஞ்ச ஆளு" என்றார்.

நான் மீட்டரை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனேன். கறுப்பு ஊசியை மைனஸில் வைத்தேன், சிவப்பை இன்ஜினில் வைத்தேன், செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இத்தனை வருடம் அந்த சூப்ரவைசரை மீட்டர் வாசிக்கத் தெரியாதவன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரிந்திருந்தது.