புயலுக்கு ஒதுங்காத மூன்று பேர்

சென்ற கிழமை என் வீட்டு ரி.வி.க்கு முன்னால் இரண்டு பேர் இருந்து வானிலை பார்த்தார்கள். நாடகம் இல்லை, படம் இல்லை — வானிலை!

ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் இருப்பவர்களுக்குத் தெரியும். இங்கே வானிலை பார்க்க ரி.வி. தேவையில்லை. பல்கனிக் கதவைத் திறந்து கையை நீட்டினால் போதும். கோட் போடுவதா, விடுவதா... அதற்குமேல் நமக்கு என்ன தேவை?

முதலில் வந்தவள் ரதி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், காரணம் பிறகு விளங்கும். பக்கத்து அப்பார்ட்மென்ற். பாண் போடும் பேக்கரிக் கொம்பனியில் வேலை. ஷிஃப்ற் முடிந்து வந்ததும் நேரே என் வீட்டுக்கு வருவாள்.

“அக்கா, உங்கட கேபிளில வெதர் சனல் வருமெல்லே... ஒருக்காப் போடுங்கோ.”

அவளுடைய கணவர் குமார் கொழும்பில் நிற்கிறார். எங்கள் மாடி முழுவதற்கும் அவளே சொன்ன செய்தி அது. ஆனால் அவள் பார்த்தது கொழும்பை அல்ல, அத்திலாந்திக் சமுத்திரத்தை. வேலைக் களைப்பில் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட யோசித்தேன்.

அவளோடு சேர்ந்து பார்த்ததில் நானும் கொஞ்சம் படித்தேன். ஆபிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு மேகக் கூட்டம் கடலுக்கு இறங்குகிறது. அப்போது அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கோடை முழுக்கச் சூடேறிக் கிடக்கும் கடல்தான் அதற்குச் சாப்பாடு. தின்று தின்று மேற்கே நகர்கிறது. மெல்லச் சுழலத் தொடங்குகிறது. முதலில் வெறும் இலக்கம் கொடுக்கிறார்கள். காற்று பலத்த பிறகுதான் பெயர். இன்னும் பலத்தால் நடுவில் ஒரு கண் திறக்கிறது.

இந்தப் புயலுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

ரை கட்டிய வானிலைக்காரர் சிரித்துக்கொண்டு படத்தைக் காட்டினார். கண் எவ்வளவு அழகாக உருவாகியிருக்கிறது, பாருங்கள் என்றார். அழகாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணுக்குக் கீழே ஆருடைய அடுப்பு எரிகிறதோ?

அடுத்த நாள் பின்னேரம் கதவு தட்டிக் கேட்டது. திறந்தால் — செல்வம் அண்ணை. ஒன்பதாம் மாடி. ஓவர்ரைம் தவிர உலகத்தில் வேறு எதிலும் அக்கறை இல்லாத மனிதர்.

“பிள்ளை, உங்கட கேபிள் கிளியரா வருதோ எண்டு பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

பார்த்துவிட்டுப் போகவில்லை. ரதி இருந்த சோபாவின் மற்றக் கரையில் இருந்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்தேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ரி.வி.யையே பார்த்தார்கள்.

“தம்பி எப்பிடி அண்ணை? கொழும்பில தானே?” என்று சும்மா கேட்டேன்.

“ஓம், ஓம். கொழும்பில தான். வெள்ளவத்தையில... கடற்கரைப் பக்கம்.”

கேட்காத இடத்தையும் சேர்த்துச் சொன்னார்.

அப்போது வானிலைக்காரர் ஒரு சின்னத் தீவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார். அதன் பெயரைச் சொன்னார். இதுவரை வந்த பாதையிலேயே வந்தால் நாளைக்கு நேராக இந்தத் தீவுதான் என்றார்.

சோபாவின் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் “ஐயோ” என்று கேட்டது.

பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

நம்மவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். கனடாவுக்கு வர வெளிக்கிட்ட ஆளை ஏஜென்சிக்காரன் கொழும்பில் ஏற்றுவான். நாடு நாடாக இறக்குவான். கடைசியில் எங்கேயாவது ஓர் இடத்தில் வைத்துப் பூட்டி, வழி திறக்கும்வரை காத்திரு என்பான். கையில் வேறு யாருடையதோ பாஸ்போட். அதில் வேறு யாருடையதோ பெயர். வீட்டாருக்கு ஒரே கட்டளை — வாய் திறந்தால் ஆள் பிடிபடும்.

நாமும் திறப்பதில்லை. ஏஜென்சிக்குப் பயந்து மட்டுமா? கண்ணூறுக்குப் பயம். யாராவது இமிகிறேஷனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். பாதி வழியில் பிடித்துத் திருப்பி அனுப்பினால் நாலு சனத்துக்கு முன்னால் வெட்கம். ஆகவே நம்முடைய ஆட்கள் எல்லாரும் ரொறன்ரோவில் வந்து இறங்கும்வரை கொழும்பில்தான் நிற்பார்கள்! லிஃப்றில் தினமும் சந்திக்கிறோம், சிரிக்கிறோம், ஒரே பயத்தைத் தனித்தனியே காவிக்கொண்டு தனித்தனி மாடியில் இறங்கிப் போகிறோம்.

அன்று என் வீட்டில் இரண்டு வாய் திறந்தது. ஒரே ஏஜென்சி. ஒரே தீவு. ஒரே வீடு.

“தன்னோட சேத்து மூண்டு பேர் எண்டு இவர் சொன்னவர்,” என்றாள் ரதி.

“தம்பியும் மூண்டு பேர் எண்டுதான் சொன்னவன்,” என்றார் செல்வம் அண்ணை. “மற்றது ஆர்?”

தெரியாது.

ஏஜென்சிக்காரனின் ரெலிபோனை எடுக்க ஆள் இல்லை. தீவுக்கு அடித்தால், இணைப்புக் கிடைக்கவில்லை என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். ரதி திரும்பத் திரும்ப அடித்து, அந்தக் குரலிடமே அழுதாள். பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

புயல் தீவைக் கடந்து போனது. ரி.வி.யும் புயலோடு போய்விட்டது. இப்போது அமெரிக்கக் கரை, ஜன்னலுக்குப் பலகை அடிப்பவர்கள், தண்ணீர்ப் போத்தலுக்கு வரிசை. தீவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரைக்கு ஏறியதும் புயலுக்குச் சாப்பாடு நின்றுபோனது. காற்று விழுந்தது. மேகம் கிழிந்து கிழிந்து வடக்கே வந்தது.

கடைசியில் எங்கே வந்தது தெரியுமா? எங்கள் பல்கனிக்கு.

இன்றைய மழை அந்தப் புயலின் மிச்சம்தான், குடை எடுத்துப் போங்கள் என்றார் வானிலைக்காரர். ரதி பல்கனியில் போய் நின்றாள். தலை நனைந்தது, சுவெற்றர் நனைந்தது. உள்ளே வரச் சொன்னேன்.

“உது அவரைப் பாத்திட்டு வருது அக்கா,” என்றாள். “என்ன செய்துபோட்டு வருது எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?”

பக்கத்தில் போய் நின்று நானும் நனைந்தேன்.

மழை விட்ட பிறகு ரதி வீட்டில் ரெலிபோன் அடித்தது. குமார்! ஒரு தேவாலயத்திலிருந்து பேசினார். செல்வம் அண்ணையின் தம்பியும் பக்கத்தில் நிற்கிறாராம். ரதி றிசீவரோடு நிலத்தில் இருந்துவிட்டாள். செல்வம் அண்ணை மாடிப்படியால் ஓடி வந்தார். லிஃப்றுக்குக் காத்திருக்க அவரால் முடியவில்லை.

அவர்கள் சொன்னது இதுதான்.

புயலுக்கு முன் ஒரு ஜீப் தெருத் தெருவாக வந்தது. ஒலிபெருக்கி கட்டியிருந்தது. எல்லாரும் வீட்டை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டது.

“பாஷை விளங்கேல்லையோடா உனக்கு?” என்று செல்வம் அண்ணை தம்பியிடம் கத்தினார்.

“நல்லா விளங்கினது அண்ணை. ஜீப்பில ஸ்பீக்கர் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னால்... நாங்கள் போவமோ?”

“சரி, சொல்லு,” என்றார் செல்வம் அண்ணை.

போவோமா? நீங்களே சொல்லுங்கள். ஊரில் ஆமிக்காரனின் ஒலிபெருக்கி கூப்பிட்டு எத்தனை முறை போனோம்! மைதானத்து வெயிலில் வரிசையில் இருந்தோம். முகம் மூடிய தலையாட்டி ஒவ்வொருவராகப் பார்த்தான். அவன் தலையை ஆட்டியவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படிப் போனவர்களின் தாய்மார் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

அந்தத் தீவின் பொலிஸ் கூப்பிட்டது காப்பாற்றுவதற்கு. நம்மவர்கள் லைற்றை அணைத்தார்கள். கதவைப் பூட்டினார்கள். ஜீப் போகும்வரை மூச்சை அடக்கி நிலத்தில் படுத்திருந்தார்கள்.

பிறகு காற்று வந்தது. தகரக் கூரை போனது. ஒரு சுவர் போனது. மூன்று பேரும் குசினி மேசைக்குக் கீழே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

திடீரென்று எல்லாம் நின்றது. மேலே நீல வானம். அந்த அழகான கண் அவர்களுக்கு மேலே வந்திருந்தது.

மூன்றாவது ஆள் எழும்பினார்.

“பள்ளிக்கூடத்தில உண்மையாச் சனம் நிக்குதோ, பொலிஸ் பிடிக்கிறதுக்கு நிக்குதோ எண்டு பாத்திட்டு வாறன். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சையே இருங்கோ.”

வெளிக்கிட முன் மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் குமாரின் கையில் வைத்தார். தங்கச்சியின் பிள்ளைக்குக் கழுத்தில் போடக் கொண்டுபோகும் தங்கப் பஞ்சாயுதம். நனையாமல் வைத்திருக்கச் சொன்னார்.

கண் வந்தால் புயல் முடிந்துவிட்டது என்றில்லை. பாதிதான் முடிந்தது. மற்றப் பாதி எதிர்ப் பக்கத்திலிருந்து அதே வேகத்தில் வரும். ரி.வி. பார்த்த எனக்குத் தெரியும். அவருக்கு யார் சொன்னது?

பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே கிடந்தார் என்கிறார்கள். உள்ளே சனம் நிறைந்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தார்களாம்.

தீவுச் சனம் தங்களுடைய ஆட்களோடு சேர்த்து அவரையும் அடக்கம் செய்தது. பிடிபடுவோம் என்று தெரிந்தும் குமாரும் செல்வம் அண்ணையின் தம்பியும் அந்த இடத்துக்குப் போய் நின்றார்கள். பாதிரியார் இவர் யார் என்று கேட்டார். இருவரும் விழித்தார்கள். பாஸ்போட்டில் இருந்தது இன்னொருவரின் பெயர். சொந்தப் பெயர் பேசக்கூடாது என்பது ஏஜென்சியின் கட்டளை. ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் படுத்தும், அவரை அவர்கள் “அண்ணை” என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதை எழுதுவதா என்று யோசித்தேன். அங்கே இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

“எழுது பிள்ளை,” என்றார் செல்வம் அண்ணை. “இனி மறைச்சு என்னத்தைக் கண்டம்?” ரதியும் தலையசைத்தாள்.

ஆகவே இந்த வாரப் பத்தியை நான் எல்லாருக்கும் எழுதவில்லை. ஒருவருக்கு எழுதுகிறேன். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

தங்கச்சி, உங்கள் அண்ணா மெலிந்த ஆள். இடது புருவத்தில் ஒரு வெட்டுக் காயம். சொதி சமைத்தால் உள்ளி கூடப் போடுவாராம். மருமகளை இன்னும் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் சொல்வாராம். கொஞ்ச நாளாக அவருடைய ரெலிபோன் உங்களுக்கு வரவில்லை. நீங்களும் ஒருவரிடமும் கேட்க முடியாமல், வேலைக்குப் போய் வந்து, கேட்பவர்களுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துக்கொண்டு இருப்பீர்கள்.

இதை இப்படிப் பேப்பரில் பார்க்க வைத்ததற்கு மன்னியுங்கள். வேறு வழி தெரியவில்லை.

பஞ்சாயுதம் நனையவில்லை. குமாரிடம் பத்திரமாக இருக்கிறது. பாதிரியார் ஒரு பலகை செய்து வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று காத்திருக்கிறார்.

பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு ரெலிபோன் எடுங்கள். உங்களுடைய பெயர் வேண்டாம். அவருடைய பெயரைச் சொன்னால் போதும்.