பெயர்தான் மாறும் என்றேன்

புதுச்சேரியில், ரெட்டியார்பாளையத்து எங்கள் தெருவிலிருந்து பிரான்சுக்குப் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே படித்துத் திரும்பியவன் என்பதால் எனக்கு ‘மிஸ்யே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்று மரியாதை.

போன வருஷம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். அவளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது. அதில் ஒன்று நான் படித்தது. அதை வேறு இரண்டோடு இணைக்கப் போவதாகச் செய்தி.

“அங்க சேரலாமா தாத்தா?”

“அங்க இது சகஜம்மா. என் காலத்துல ஒண்ண நாலா உடைச்சாங்க, இப்ப ஒட்டறாங்க. பேர்தான் மாறும்.”

அவள் மற்ற இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

என் காலத்தில் உடைத்தபோது, என் துறையை எந்தப் பக்கமும் ஏற்கவில்லை, மூடிவிட்டார்கள். பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

எதிர்வீட்டுப் பெண் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் அவள் துறையின் நூலகத்தைப் பூட்டினார்கள். பிறகு பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வேறு ஊருக்குப் போனார்கள். நேற்று வகுப்பறையைக் காட்டினாள். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். எங்கள் துறையிலும் இதே வரிசையில்தான் நடந்தது.

“இதுவும் சகஜந்தானா தாத்தா?” என்று சிரித்தாள்.

“இல்லம்மா, மூடப் போறாங்க. எனக்கும் இப்படித்தான் ஆச்சு. நான் அங்க படிப்ப முடிக்கவே இல்ல.”

அவள் கேமராவை நாற்காலிகளிலிருந்து தன் பக்கம் திருப்பினாள். பிறகு, “அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றாள்.

வெளியே வந்தேன். எதிர்வீட்டு வாசலில் அவள் அப்பா ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மிஸ்யே, பொண்ணு பேசிச்சா?”