செந்தூரான் முடியும் சாம்பல் நிறக் கப்பலும்

பெட்டியைத் திறந்த அன்று இருந்தவர்கள்: அப்பா. அம்மா. அண்ணன். உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி. பெட்டிக்குச் சொந்தக்காரரான மாமா. கடைசியாக நான்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம். டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டு அறை. முன்னறையில் கட்டில், கூலர், சாப்பிடுகிற மேசை. அந்த மேசையில்தான் பெட்டி இருந்தது. மூடியில் ஒரு போர்க்கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. உள்ளே கப்பல் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் கொத்தவரங்காய் காய்த்த மாதிரி குட்டிக் குட்டிச் சாமான்கள்.

ஆன்ட்டி ஒன்றை விரல் நுனியில் எடுத்தார். பீரங்கி. அரிசியில் பாதி.

"ஹாய் ராம்" என்றார். உறைமோரை மறந்துவிட்டுப் போனார்.

மாமா அம்மாவின் தம்பி. கடற்படையில் இருந்தார். கப்பலின் அடியில் கொதிகலன் அறையில் வேலை. ஆறு மாதம் முன்பு நீராவி அடித்து வலது கை வெந்துவிட்டது. பம்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு டெல்லிக்கு அனுப்பினார்கள். இங்கே கண்டோன்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மூன்று பேர் உட்கார்ந்து கையைப் பார்ப்பார்கள். கை சரி என்றால் திரும்பக் கப்பல். இல்லை என்றால் வீட்டுக்கு. அதற்கு இருபத்தைந்து நாள் இருந்தது. அதுவரை எங்கள் வீடு.

கையில் புதுத் தோல் வந்திருந்தது. வேகவைத்த சேப்பங்கிழங்கை உரித்த மாதிரி என்று அண்ணன் சொன்னான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் அப்படித்தான் இருந்தது. தோலைவிட நடுக்கம்தான் பிரச்சினை. தம்ளரைப் பிடித்தால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு தண்ணீர் ஆட ஆரம்பிக்கும்.

மாமா அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"பேச்சு எதுக்கு அத்தான்? இதக் கட்டி முடிச்சு அவங்க மேசையில வச்சிருதேன். கை எப்படின்னு அவங்களே பாத்துக்கிடட்டும்."

அப்பா மந்திரி ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. கப்பலை மேசையில் வைக்க எந்த விதியும் இல்லை என்பது அவர் கவலை.

"எதுக்கும் மூணு காப்பி மனு எழுதிருவோம் மாப்ள."

"மனுவ நீங்க எழுதுங்க. நான் கப்பலக் கட்டுதேன்."

இரண்டு பேரும் அன்றே ஆரம்பித்தார்கள்.

மறுநாள் காலை அண்ணன் கூலரைப் போட்டான். இரண்டு படகு, ஒரு நங்கூரம், ஏணிகள் எல்லாம் மேசையிலிருந்து பறந்து போயின. எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினோம். நங்கூரம் அம்மாவின் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பகலில் கூலர் கிடையாது. வெளியே லூ என்கிற அனல் காற்று. உள்ளே வேர்வை.

"ஒரு பொம்மக் கப்பலுக்காக ஆளே செத்துருவோம் போலிருக்கு" என்றான் அண்ணன்.

"பொம்ம இல்லலே" என்றாள் அம்மா. விசிறியால் மாமாவுக்கு விசிறினாள். கப்பல் பக்கம் காற்று போகாமல், அவர் முதுகுக்கு மட்டும்.

மாமா பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தெடுப்பார். உப்புத்தாளில் தேய்ப்பார். பசையை ஊசி முனையில் எடுத்து வைப்பார். இரண்டு பாதியாக இருந்த உடம்பு ஒட்டிக்கொண்டது. தளம் வந்தது. அதன் மேல் அறைகள் வந்தன. புகைபோக்கி வந்தது. பீரங்கி மேடைகளைப் பசை போடாமல் வைத்தார். ஊதினால் திரும்பின. நான் என் முழத்தை வைத்து அளந்தேன். என் முழமும் கப்பலும் ஒன்று.

"இந்தக் கப்பல்ல ஆளு எவ்வளவு பெருசு இருப்பான் மாமா?"

மாமா அடுக்களைக்குப் போய் எள் டப்பாவை எடுத்து வந்தார். ஒரு எள்ளைத் தளத்தில் நிறுத்தினார்.

"இம்புட்டு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எள்ளை வைத்ததும் கப்பல் பெரிதாகிவிட்டது. அதன் சுவர் எங்கள் குவார்ட்டர்ஸைவிட உயரம். புகைபோக்கிக்குள் அந்த எள் படுத்துத் தூங்கலாம். என் முழம் அளவுக் கப்பலுக்குள் அவ்வளவு இடம் எப்படி வந்தது என்று புரியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் மேல் சிலிர்க்கும்.

"நீங்க எங்க நிப்பீங்க?"

மாமா கப்பலின் வயிற்றைத் தொட்டார். "அடியில. வெளிய தெரியாது."

பெயின்ட் அடித்தார். மேலே சாம்பல். தண்ணீருக்குக் கீழே சிவப்பு. நங்கூரம் தொங்குகிற ஓட்டைக்குக் கீழே பழுப்பை நீர்க்கக் கரைத்து ஒரு கோடு இழுத்தார். துரு. புதுக் கப்பலுக்கு எதற்குத் துரு என்று அண்ணன் கேட்டான்.

"கடலுக்குப் போன கப்பல்லா இது" என்றார் மாமா.

இவ்வளவையும் அந்தக் கை செய்தது. பெரிய சாமான்கள் நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டன. மிச்சம் இருந்தது கயிறுகள். கொடிமரத்திலிருந்து புகைபோக்கிக்கு, அங்கிருந்து பின் மரத்துக்கு, இரு பக்கத்துக்கும். பெட்டியில் கயிறு கிடையாது. மாமா ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் படம் போட்டார். எண்ணினார். நாற்பத்தெட்டு.

முதலில் பிளாஸ்டிக்கிலேயே இழை எடுத்தார். மெழுகுவத்தி ஏற்றி, அறுத்துப்போட்ட சட்டத்தில் ஒரு துண்டை அதன் மேல் காட்டினார். நடுவில் பளபளத்தது. இரண்டு கையாலும் மெல்ல இழுத்தார். குச்சி நூலானது. நூல் சிலந்தி இழையானது. அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போனது. அண்ணன் கூட வாயைத் திறந்தபடி நின்றான். ஆனால் டெல்லி வெயில் அதை விடவில்லை. மதியத்துக்குள் இழை தொய்ந்து மாலை மாதிரித் தொங்கியது.

மாமா என் தலையைப் பார்த்தார்.

என் முடி இடுப்பு வரை இருந்தது. ஐந்து வயதில் எனக்கு டைபாய்டு. பிழைத்தால் திருச்செந்தூரில் மொட்டை என்று அம்மா நேர்ந்துகொண்டாள். ஆனால் ஊருக்குப் போக அப்பாவுக்கு எல்.டி.சி., அதாவது ஆபீஸ் தருகிற ரயில் செலவு, வர வேண்டும். சாமி கேட்ட நேரத்தில் சர்க்கார் கொடுக்கவில்லை. மூன்று வருடமாக முடி வளர்ந்தபடி இருந்தது.

"எக்கா, பிள்ளைக்கு முடி மெலிசா இருக்கு. நாலு இழ…"

"கத்திரி படக்கூடாது. அது செந்தூரான் முடி. நம்ம முடி இல்ல."

மாமா தலையாட்டினார். அம்மா அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"சீப்புல தானா வாரது அவன் கணக்குல வராது. அத எடுத்துக்கோ."

அன்றிலிருந்து காலையில் என் தலையை வாரும்போது மேசையில் ஒரு வெள்ளைத் தாள் விரித்திருக்கும். சீப்பில் வந்ததை அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து வைப்பாள். எண்ணெய் போக மாமா சோப்புத் தண்ணீரில் அலசுவார். அது தொய்யவில்லை. வெயில் ஏற ஏற விறைத்து நின்றது.

ஆனால் ஒட்டுவது வேறு. அம்மாவின் முள்வாங்கியால் முடியின் நுனியைப் பிடிக்க வேண்டும். பசைத் துளியில் வைக்க வேண்டும். நூறு எண்ணும் வரை கை அசையக்கூடாது. மாமா எண்ணுவது எனக்குக் கேட்கும். முப்பது வரை நன்றாகப் போகும். நாற்பதில் குரல் மாறும். ஐம்பதில் முடி நழுவிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். எப்போதாவது ஒன்று நூறைத் தொடும். அன்று மாமா இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார்.

மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அது எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவும் உள்ளறையில் தூங்குவாள். அண்ணன் வெயிலில் கிரிக்கெட். நான் ஸ்டூலில் ஏறி நிற்பேன். முள்வாங்கியை எடுப்பேன். நூறு எண்ணுவேன். என் கை ஆடாது. சும்மா நிற்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் நன்றாக வராது. பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று. மறுநாள் காலை மாமா கப்பலுக்கு முன்னால் குனிந்து நிற்பார். உதடு அசையும்.

"நேத்து வேல நல்லா ஓடியிருக்கு" என்பார்.

நானும் ஆமாம் என்பேன். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஆச்சரியம்.

முடி போதவில்லை. சீப்பில் வருவதில் பாதி குட்டை. நாள் ஓடியது. நான் குளிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்க ஆரம்பித்தேன். பின் கழுத்துக்கு மேலே, தெரியாத இடத்தில். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் தண்ணீர் வரும். காலையில் அதைச் சீப்பில் சுற்றி வைத்துவிடுவேன். செந்தூரான் டெல்லி வரை பார்க்கமாட்டார் என்று ஒரு தைரியம்.

அம்மா பார்த்துவிட்டாள். ஒரு காலை, வாருகிற கை நின்றது. கழுத்துக்கு மேலே விரலை வைத்துத் தடவினாள்.

"என்னட்டி இது?"

அம்மா கப்பலைப் பார்த்தாள். இருபதுக்கு மேல் இழை நின்றது. காலை வெயில் பட்டு ஒவ்வொன்றும் மின்னியது. அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

"சரி. செந்தூரான்ட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள். அந்த இடம் மறையும்படி இறுக்கிப் பின்னிவிட்டாள். தலை இரண்டு நாள் வலித்தது.

குறித்த நாளுக்கு முந்தின நாள் நாற்பத்தெட்டும் முடிந்தது. மாமா கப்பலை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். எல்லோரும் பார்த்தோம். ஆன்ட்டியும் வந்தார். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வானத்தில் கோடு போட்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தளத்தின் மட்டத்தில் குனிந்து பார்த்தால் மேசை தெரியவில்லை. அறை தெரியவில்லை. கப்பல் போய்க்கொண்டிருந்தது. இதில் என் தலை இருக்கிறது என்று நினைத்தேன். பயமாகக்கூட இருந்தது.

அப்பா லீவு போட்டார். பஸ்ஸில் இடிப்பார்கள் என்று ஆட்டோ பிடித்தார்கள். மாமா வெள்ளை யூனிபார்மில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்தார். அப்பா கையில் மூன்று காப்பி மனு.

"பையா, தீரே சலோ, தீரே" என்று ஆன்ட்டி ஆட்டோக்காரரிடம் மெல்லப் போகச் சொன்னார். அவர்கள் வீட்டுப் பிள்ளை போகிற மாதிரி.

சாயங்காலம் திரும்பினார்கள். மாமா பெட்டியை மேசையில் வைத்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போனார். அப்பா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"டாக்டர்கள் மூணு பேரும் நாற்காலிய விட்டு எழுந்துட்டாங்க" என்றார். "ஒருத்தர் பூதக்கண்ணாடி கொண்டுவரச் சொன்னார். நான் வாசல்ல நின்னு பாக்கேன். கால் மணி நேரம் கையையே யாரும் பாக்கல. கப்பலத்தான் பாத்தாங்க."

"பெறவு?"

"பெரிய டாக்டர் கேட்டார். எல்லாம் இந்தக் கையாலயான்னு. ஒரு யெஸ் சார் சொல்லணும். அது போதும். கையெழுத்துப் போடப் பேனாவத் திறந்து வச்சிட்டார்."

"அவன் என்ன சொன்னான்?"

அப்பா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். "கப்பலும் பெயின்டும் அவ்வளவும் நான்தான்னு சொன்னான். கயிறுன்னு வந்ததும், இல்ல சார், அதுல பிள்ள கையும் இருக்குன்னுட்டான். மனுவ வெளிய எடுக்கவே விடல."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: மாமாவுக்கு இனிக் கப்பல் கிடையாது. மாமாவே அதைக் கெடுத்துக்கொண்டார். என்னையும் காட்டிக்கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம் அதிகம் வந்தது. பின்கட்டுக்குப் போனேன். துளசித் தொட்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். யூனிபார்ம் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"எதுக்குச் சொன்னீங்க? நான் யாருட்டயும் சொல்லலையே."

மாமா வலது கையை விரித்துப் பார்த்தார். மடக்கினார்.

"கப்பல்ல கீழ ஒரு வால்வு இருக்குட்டி. நூறு எண்ணுத வரைக்கும் பிடிக்கணும். நான் அம்பதுல விட்டேன்னு வையி. பக்கத்துல நிக்கவன் வெந்துருவான்."

நான் உள்ளே வந்தேன். பெட்டியைத் திறந்து கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அப்படி ஒரு வால்வு அதில் எங்கும் இல்லை. மாமா வேண்டுமென்றே ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதற்குள் அவர் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.

அன்று டாக்டர்கள் எழுதிய காகிதத்தின் நகல் அப்பாவின் பைலில் இருந்தது. அதைப் பிறகு, எனக்குக் கல்யாணம் ஆன வருடத்தில்தான் பார்த்தேன். மதியம் மதியமாக நான் ஒட்டியது முப்பத்தொன்பது. அது எனக்கு மட்டும் தெரிந்த கணக்கு என்று அதுவரை இருந்தேன். காகிதத்தில் டாக்டரின் கிறுக்கல் ஆங்கிலம். எனக்குப் படிக்க வரவில்லை. எண் மட்டும் தெரிந்தது. நாற்பத்தெட்டு இழைகளில் நோயாளி தன் கையால் நிறுத்தியதாகச் சொன்னது எத்தனை என்று எழுதியிருக்கிறது என்றார் அப்பா.

ஒன்பது.