‘ஒரு அன்பர்’ என்று அறிவிக்கப்பட்டவர்

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் காலையில் போன் வந்தது. "செல்லத்துரை தவறிட்டாருங்க. ஆட்டோவுல ஸ்பீக்கர் கட்டி அறிவிக்கணும்." நான் கேட்டேன்: "எந்தச் செல்லத்துரைங்க?" "நான் அவரு மகன் பேசுறேன். எங்க அப்பாதான். சின்ன முதலாளி."

வருஷக்கணக்காக நான் கேலி செய்த மனிதரின் பெயர் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுகை வரவில்லை. வேறு யாரோ செத்ததுபோல் இருந்தது. வயரைச் சுற்றி ஆட்டோவில் வைத்தேன்.

தோட்டத்து ஆட்களான உங்களுக்கும் அவர் சின்ன முதலாளிதான். பண்டாரவளை டவுனில் அந்த மொத்த வியாபாரக் கடையை வைத்தவர் அவருடைய அப்பா, பெரிய முதலாளி. அவர் போய் எத்தனையோ காலமாகியும், எழுபது தாண்டிய மகன் சின்னவராகவே இருந்தார். "அப்பன் சேத்தது, மகன் உக்காந்து திங்கிறாரு" என்று கடை வாசலிலேயே பேசுவோம். அவர் கேட்டுக்கொண்டே பருப்பை நிறுப்பார்.

நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் யார் எவ்வளவு கொடுத்தாலும் மைக்கில் சொல்வது வழக்கம். சொல்வது நான்தான்; அதனால் என்னையே ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் ‘ஒரு அன்பர்’ என்று போடச் சொல்வார். ஒருமுறை அவரிடமே கேட்டேன்: "எங்க ஆளு நூறு ரூவா குடுத்தா மலை முழுக்கக் கேக்குது. பெரிய காசு குடுக்கிற அன்பருக்கு மட்டும் பேரு இல்லையா? யாருங்க அவரு, உங்களுக்குச் சொந்தமா?" அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.

அடுத்த வருஷம் கோயில் சபைக்கு அவரைத் தலைவராக்கப் பேச்சு நடந்தது. அவருக்கும் ஆசை இருந்தது. அப்பா வாங்கித் தராத ஒரு பதவி அது. திருவிழாவன்று என் கையில் ஒரு தாளைத் தந்தார். அதில் அவர் பெயர் இல்லை, சொத்து மட்டும்: கடை, வீடுகள், வங்கியில் இருப்பது, கடைசியில் நம் தோட்டத்தை நடத்தும் கம்பெனியில் உள்ள பங்குகள். "வாசி மைக்கு. கோயில் காசை என் கையில குடுக்கப் போறாங்க. கையில ஏற்கெனவே என்ன இருக்குன்னு தெரியட்டும்."

மகன் ஓடி வந்தார். "சட்டம் கேக்குறதைக் குடுத்தாச்சேப்பா. கம்பெனி வருஷா வருஷம் போடுற புத்தகத்துல பெரிய பங்குக்காரங்க வரிசையில உங்க பேரு இருக்கே."

"இருக்கு. கொழும்பில இருக்கிறவங்க பாத்துட்டாங்க. கொழுந்து எடுக்கிறவங்க பாக்கல."

வாசித்தேன். கம்பெனியோடு தோட்டத்துச் சம்பளப் பேச்சு இழுபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கொழுந்து எடுக்கும் மாரியாயி அக்கா எழுந்தார். "கூட்டிக் குடுக்க முடியாதுங்குற கம்பெனியில உங்களுக்கும் பங்கா, முதலாளி?"

"ஆமாம்மா. அப்பா வாங்குனது."

"வாங்குனது அப்பா. வச்சிருக்கிறது யாரு?"

"நான்தான்" என்றார். தலைவர் பதவி வேறு ஆளுக்குப் போனது.

என் வாயால் கெட்டது என்று பயந்துபோய்க் கடைக்குப் போனேன். "நீ வாசிச்சதுல பிழை இல்ல மைக்கு. அந்தம்மா கேட்டதுலயும் பிழை இல்ல" என்று பிளேன் டீ வாங்கித் தந்தார். பங்குகளை அவர் விற்கவில்லை. அதை மறைக்கவுமில்லை. ஒவ்வொரு திருவிழாவுக்கும் தாளோடு வந்தார். நான் வாசிப்பேன், அக்கா அதே கேள்வியைக் கேட்பார், அவர் எழுந்து நின்று பதில் சொல்வார். அவரை நல்லவர் என்று மைக்கில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த ‘நான்தான்’ மட்டும் என்னிடம் இருக்கிறது. அப்படிச் சொன்ன வேறு பணக்காரரை நான் பார்த்ததில்லை.

சாவுக்காவது அவருடைய சொந்தப் பெயர் இருக்கட்டும் என்று, "செல்லத்துரை அவர்கள் காலமானார்" என்றே டவுன் முழுக்க அறிவித்தேன். தோட்டத்துக்கு வரும் பூனாகலை வீதியிலும் அறிவித்தேன். எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து முனையில் மாரியாயி அக்கா ஆட்டோவை மறித்தார்.

"யாருப்பா அந்தச் செல்லத்துரை?"

"நம்ம சின்ன முதலாளிக்கா."

கூடையை இறக்கி வைத்தார். "அதைச் சொல்ல வேண்டியதுதானே, மடையா" என்றார்.

ஆட்டோவைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து சொல்ல மைக்கை எடுத்தேன். பெட்டரி தீர்ந்திருந்தது.